இருக்கையிலிருந்து கேட்ட குரல்

மார்ச் 4

மாண்புமிகு சபாநாயகர் அவர்களுக்கு,

'சம்பந்தியம்மாவுக்கு' என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்று பேனாவை எடுத்தால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதனால் பதவியைச் சொல்லி எழுதுகிறேன். வருத்தப்பட வேண்டாம்.

போனில் பேசியிருக்கலாம். போன வாரம் பேசிப் பார்த்தோமே, என்ன ஆயிற்று? கோபம் வந்தால் என் குரல் ஏறும், உங்கள் குரல் இறங்கும். நான் கத்தியது உங்களுக்குப் புரியவில்லை, நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கடிதம் எழுதும் யோசனை உங்கள் மகளுடையது. "எழுதுங்க மாமா. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது" என்றாள். என் மகனும் தலையை ஆட்டினான். பெண்டாட்டி சொல்லும்போது அவன் தலை தானாக ஆடும்.

கூட்டத்தொடர் முடியும்வரை அவைப் பக்கம் வரக்கூடாது என்று இடைநீக்கம் செய்து அனுப்பிவிட்டீர்கள். ஊரில்தான் இருக்கிறேன். நேற்று முடிவெட்டப் போனேன். அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, சம்பந்தியம்மாவே உங்கள வெளிய அனுப்பிட்டாங்களாமே" என்று கேட்டார். கழுத்தில் துணி கட்டியிருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிறு ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பிரசவ வார்டுகளை மூடிவிட்டு, எல்லாவற்றையும் பெரிய நகரங்களில் சேர்க்கும் மசோதா. எங்கள் ஊர் வார்டும் அதில் போகிறது. பேசக் கொடுத்த நேரம் போதவில்லை என்று நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். மறுக்கவில்லை. எதிர்க்கட்சிக் கொறடா நான். சத்தம் போடச் சொன்னதே நான்தான். அந்தச் சத்தத்தின் நடுவிலேயே மசோதாவை வாக்குக்கு விட்டீர்கள். ஆம் என்போர் யார், இல்லை என்போர் யார் என்று கேட்டு, குரல் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்து முடிவு சொல்வது வழக்கம்தான். ஆனால் ஒருவர் 'டிவிஷன்' என்று கேட்டுவிட்டால் அதோடு குரல் கணக்கு முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்று பேர் பேராகப் பதிவாக வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் கேட்டேன், அம்மா. திரும்பத் திரும்பக் கேட்டேன். நீங்கள் என் பக்கம் பார்க்கவே இல்லை. 'ஆம் என்போரே மிகுதி, மசோதா நிறைவேறியது' என்று மணியை அடித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் படியேறி வந்து மணியைப் பிடித்தேன். அது தப்பு. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் இன்னொருத்தர் விசிலை நான் தொட்டதில்லை. மணிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

இன்னொன்று. மறுநாள் என்னை வெளியே அனுப்புவதற்குள், உங்களைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்துக்கு எங்கள் கட்சி சார்பில் அறிவிப்புக் கொடுத்துவிட்டேன். அடியில் இருப்பது என் கையெழுத்து. யார் யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மரியாதை என்று பட்டது.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் அப்பா


மார்ச் 8

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மணிக்கான மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன். அதன் கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது. சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.

நீக்கக் கோரும் அறிவிப்பு என் மேசைக்கு வந்தது. வாசகம் முறையாகத்தான் இருக்கிறது. தேதியில் மட்டும் மாதத்தைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உங்கள் கட்சி அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கச் சொல்லிவிட்டேன். அறிவிப்புக் கொடுத்தவரே அவையில் எழுந்து முன்மொழிய வேண்டும் என்பது விதி. நீங்கள் வெளியே இருப்பதால் அடுத்த கூட்டத்தொடர்வரை அது காத்திருக்கும்.

இனி உங்கள் புகார். டிவிஷன் கேட்பவர் தம் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும். நான் பார்த்தபோது நீங்கள் இருக்கையில் இல்லை. அவையின் நடுவே, அதிகாரிகளின் மேசைக்கு முன்னால், உங்கள் ஆட்கள் கூட்டத்தோடு நின்றீர்கள். நடுவே நின்று கேட்பதை எல்லாம் கோரிக்கை என்று ஏற்றுக்கொண்டால், நாளை எல்லோரும் நடுவில்தான் நிற்பார்கள். நாற்காலி எதற்கு?

மேடையிலிருந்து அந்த நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மேசைகளைத் தட்டுகிறார்கள். கிழித்த காகிதம் பறக்கிறது. அவைக்காவலர் ஒருவரின் தொப்பி விழுந்து, அவர் அதை எடுக்கக் குனிந்தால் இன்னொருவர் அவர்மேல் இடறுகிறார். பின்னால் இருந்து செயலாளர் மெல்லிய குரலில், "மேடம், அடுத்த வரி, அடுத்த வரி" என்கிறார். எல்லார் வாயும் திறந்திருக்கிறது, எந்த வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது என்று தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள் நான். பிள்ளைகளுக்காவது ஒரு கட்டத்தில் தொண்டை வலிக்கும்.

விதிப்படி நடந்தேன். வெளியில் என்னை 'ஸ்கேல்' என்று சொல்வது தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மகள் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வார்டில் வேலை என்று மருமகன் செய்தி அனுப்புகிறார். எத்தனை நாள்தான் வேலை இருக்கும்? அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சபாநாயகர்


மார்ச் 13

சம்பந்தியம்மாவுக்கு,

தேதியைத் திருத்தச் சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். தன்னைப் பதவியிலிருந்து அனுப்பும் காகிதத்தில் பிழை பார்க்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் 'சம்பந்தியம்மா' என்ற வார்த்தையும் வந்துவிட்டது.

உங்கள் மகள் சாப்பிடுகிறாள். நேரத்துக்கு இல்லை. நேற்று அவளுக்கு டிபன் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். வார்டில் டாக்டர் என்று இருப்பது அவள் ஒருத்திதான் என்பது உங்களுக்குத் தெரியும். வராந்தாவில் இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடி வரை போவது, திரும்பி வருவது. அதில் ஒருத்தியின் மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, "ஹாரன் அண்ணன்தானே, பஸ்ல வருவீங்களே" என்றார். இருபது வருஷமாக நான் பஸ் ஏறவில்லை, இன்னும் எனக்கு அந்தப் பேர்தான். "இத மூடிட்டா எங்க போறது" என்று கேட்டார். பெரிய நகரத்துக்கு என்றேன். "அந்த ரோட்டுலயா?" என்றார். அந்த ரோட்டில் நான் டிக்கெட் கிழித்திருக்கிறேன். மலைப் பாலம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே குழந்தை பிறந்து, டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வெளியே போய் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அது இருக்கட்டும். நான் நடுவில் நின்றேன் என்கிறீர்கள். உண்மை. ஆனால் எப்போது நின்றேன்? முதலில் கேட்டது என் இருக்கையிலிருந்து. எழுந்து நின்று, கையைத் தூக்கி, என் மேசையில் இருந்து 'டிவிஷன், சபாநாயகர் அவர்களே' என்றேன். என்னைச் சுற்றி எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், சரி. டிவிக்காரர்கள் அந்த நேரம் உங்களைத் தவிர வேறு யாரையும் காட்டவில்லை; அமளி வந்தால் மேடையை மட்டும் காட்ட வேண்டும் என்று நீங்கள் போட்ட உத்தரவு. அதனால் என்னிடம் சாட்சி இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்களுக்காக வாதாடியது நான்தான் என்றால் நம்புவீர்களா? "அந்தச் சத்தத்துல யாருக்கும்மா கேக்கும்" என்றேன். உங்கள் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்குக் கேக்காம இருந்திருக்காது மாமா. போர்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி யாரு பேசினாலும், திரும்பாமலே பேர் சொல்லுவாங்க. உங்க குரல் அவங்களுக்குக் கேக்கலயா?"

அதை உங்களிடமே கேட்கிறேன். விதியைக் கேட்கவில்லை, அம்மா. நியாயத்தைக்கூடக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா, இல்லையா? 'கேட்கவில்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். அவளிடமும் நானே சொல்லிச் சமாதானம் செய்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 15

சம்பந்திக்கு,

இதை எழுதும்போதும் எழுதலாமா என்ற தயக்கம் போகவில்லை. எழுதியதை உடனே அனுப்பப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

'கேட்கவில்லை' என்று எழுதக் காகிதத்தை எடுத்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று. எழுத வரவில்லை.

கேட்டது. முதல் தடவையே கேட்டது. நீங்கள் இருக்கையில் நின்றதும், கையைத் தூக்கியதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. என் மகள் சொன்னது சரி. உங்கள் குரலை எந்தக் கூட்டத்திலும் நான் பிரித்துச் சொல்லிவிடுவேன். கல்யாணத்தன்று சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே அந்தக் குரலைத்தானே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஏன் திரும்பவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அது வேறு யார் குரலாக இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். உங்கள் குரலாக இருந்ததால்தான் நிறுத்தவில்லை. நம் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, நான் உங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுகிறார்கள். போன வருஷம் உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேச நேரம் கொடுத்ததற்கு ஒரு பத்திரிகை, நீங்கள் பேச நான் பரிமாறுவதுபோல் படம் போட்டது. அதிலிருந்து உங்கள் பெயர் வந்தாலே நான் கையை இறுக்கிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு அளவு, உங்களுக்கு அதில் முக்கால். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது நேர்மை இல்லை, பயம் என்று தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் நீங்கள் எனக்கு எதிர்க்கட்சி உறுப்பினராகத் தெரியவில்லை, சம்பந்தியாகத்தான் தெரிந்தீர்கள். அப்படி நினைத்ததுதான் பாரபட்சம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வார்டை மூடினால் என் மகளை இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் மாற்றுவார்கள். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அது என் மனதில் வந்ததே இல்லை என்று சொன்னால் பொய்.

மசோதா இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த அவையில் முறைப்படி நிறைவேறியது என்று நான் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேலவைக்குப் போகும். நேற்று அவை விவகார அமைச்சர் வந்தார். பணிவான மனிதர். உட்காரச் சொன்னால்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார்.

"ஒரு கையெழுத்துதானே மேடம். ஏன் லேட் ஆகுது?" என்றார்.

"டிவிஷன் கேட்டாங்க."

"யாருக்கும் கேக்கலையே."

"எனக்குக் கேட்டுது."

அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "கேட்டதுன்னு நீங்க சொன்னாதான மேடம் கேட்டதாகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்லது சொல்வதுபோலச் சொன்னார். உங்கள் ஆட்கள் மேசையைத் தட்டும்போதுகூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை கேள்வி நேரம் முடிந்ததும் அவையில் சொல்லப் போகிறேன்: கோரிக்கை வந்தது, முறையாக வந்தது, நான் ஏற்கத் தவறினேன், ஆகவே அன்றைய முடிவு செல்லாது, இப்போது பெயர்ப் பதிவோடு வாக்கெடுக்கப்படும். இதை ஒரு கட்சிக் கொறடாவுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது முறையில்லை. அதனால் வாக்கெடுப்பு முடிந்த பிறகே இந்தக் கடிதம் தபாலுக்குப் போகும். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் தெரிந்திருக்கும்.

சம்பந்தியம்மா


மார்ச் 20

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதைப் பற்றி எழுத இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் எனக்கு. திங்கட்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒரு டிவி இருக்கிறது. யாரோ போன் செய்து சொல்ல, நான் ஓடினேன். உங்கள் மகளும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு கதவோரம் வந்து நின்றாள். நீங்கள் படித்தீர்கள். 'நான் ஏற்கத் தவறினேன்' என்று நீங்கள் சொன்ன இடத்தில் ஆளும் தரப்பு மேசையைத் தட்ட ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் சும்மா இருந்தார்கள். நான் இல்லாததால் எப்போது கத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கதவுகளை மூடுவதற்கு முன் மணி அடிக்கும் அந்த நேரத்தில் ஆளும் தரப்பில் நாற்காலிகள் காலியாவதைப் பார்த்தேன். சிறு ஊர்க்காரர்கள். ஒருத்தருக்கு இருமல் வந்தது, ஒருத்தருக்குப் போன் வந்தது. குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம், பேர் பதிவாகும்போது எங்கே ஒளிவது? பாவம், ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள்தானே.

முடிவுத் தாள் உங்கள் கைக்கு வந்தது. நீங்கள் அதைப் படித்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தீர்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "வாக்குகள் சமம்" என்றீர்கள். இங்கே மருந்து வாங்க டோக்கன் கூப்பிட்டார்கள், யாரும் போகவில்லை. "வாக்குகள் சமமானால் மட்டும் சபாநாயகருக்கு ஒரு வாக்கு உண்டு. அவை ஒரு முடிவுக்கு வராதபோது, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பதே மரபு. என் வாக்கு, இல்லை." அவ்வளவுதான். குரல் வழக்கம்போல இறங்கித்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

உங்கள் மகள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் போனை வாங்கி உங்களைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. "அவங்க போனு இன்னிக்கு ஓயாதும்மா" என்றேன். "ஓயட்டும், அப்புறம் பேசுறேன்" என்றாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் அவையில் இருந்திருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்போம். உங்கள் தலையில் அந்தப் பாரம் வந்திருக்காது. என்னை வெளியே அனுப்பி, என் வேலையையும் சேர்த்து நீங்களே செய்துகொண்டீர்கள்.

ஆனால் மேலே எழுதியது பாதிதான். எங்கள் தலைவர் நேற்றுப் போன் செய்தார். குரலில் அவ்வளவு குஷி. "ஹாரன், அவங்க கட்சியே அந்தம்மா மேல கொலவெறியில இருக்கு. உன் தீர்மானம் வந்தா அவங்களும் சேர்ந்து போடுவாங்களாம். உக்காந்த இடத்துல சபாநாயகர் பதவி காலி." நான் வெளியே அல்லவா இருக்கிறேன் என்றேன். "அதான் ஒரே இடைஞ்சல்" என்றார். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

சம்பந்தி


மார்ச் 27

சம்பந்திக்கு,

அந்த இடைஞ்சல் நேற்று நீங்கிவிட்டது. உங்களை இடைநீக்கம் செய்யத் தீர்மானம் கொண்டுவந்த அதே அவை விவகார அமைச்சர், அதை ரத்துசெய்யும் தீர்மானத்தையும் கொண்டுவந்தார். ஜனநாயகத்தில் கொறடா இல்லாத எதிர்க்கட்சி ஊனம் என்று உருக்கமாகப் பேசினார். இரண்டு தரப்பும் ஒரே குரலில் ஆம் என்றன. சத்தமே இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியதில் எங்கள் செயலாளர் திகைத்துப்போய், அடுத்த அலுவல் என்ன என்பதையே மறந்துவிட்டார். முடிவை அறிவித்தவள் நான்தான்.

உங்கள் தீர்மானம் வரும் வியாழக்கிழமைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அன்று துணை சபாநாயகர் மேடையில் இருப்பார். நான் கீழே, உறுப்பினர்களோடு உட்கார வேண்டும். பதில் சொல்ல உரிமை உண்டு. என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் திங்கட்கிழமையே சொல்லிவிட்டதாகத்தான் படுகிறது.

மகள் பேசினாள். நெடுநேரம் பேசவில்லை. "அம்மா, நீ அன்னிக்கே திரும்பிப் பார்த்திருக்கலாம்ல" என்றாள். பார்த்திருக்கலாம் என்றேன். பிறகு வார்டில் ஸ்டெரிலைசர் பழுதாகிக் கிடப்பதைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெகுநாள் கழித்து அவள் வேலையைப் பற்றி அவளாகச் சொன்னாள்.

நீங்கள் இங்கே வந்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். வருவதற்கு முன் என்னைப் பார்க்க வர வேண்டாம், போனும் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னால் இருக்கப்போகிறவள் யாரோ ஒரு சபாநாயகர் என்று வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். நான் அதைச் செய்யத் தவறியதால்தான் இவ்வளவும். முன்மொழிவது சரி என்று பட்டால் முன்மொழியுங்கள். அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு நான் வருவேன், நீங்கள் கதவைத் திறப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சம்பந்தியம்மா


ஏப்ரல் 3

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று அவை முடிந்து நீங்கள் தாழ்வாரத்தில் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மறுபக்கப் படியில் இறங்கிப் போனேன். சுற்றிலும் நிருபர்கள். நாம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதற்கு இருபது அர்த்தம் வந்திருக்கும். ஓடிப்போனதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை கட்சி அலுவலகத்தில் தலைவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். "நீ எழுந்து ஒரு வரி சொல்லு. மத்தத எல்லாரும் பாத்துக்குவாங்க" என்றார். அப்போது அந்த அறிவிப்பின் நகல் மேசைமேல் இருந்தது. சும்மா எடுத்துப் படித்தேன். எழுதியது நான்தான், ஆனால் வேறு யாரோ எழுதியதுபோல் படித்தேன். 'டிவிஷன் கோரிக்கையை ஏற்காமல் சபாநாயகர் அவையின் உரிமையைப் பறித்தார், அதைச் சரிசெய்யவும் மறுக்கிறார்.' இதுதான் குற்றச்சாட்டு. வேறு ஒன்றுமே இல்லை.

"தலைவரே, இதான் சரியாயிடுச்சே" என்றேன்.

"அதனால என்ன?"

"சரிசெய்ய மறுக்கிறார்னு எழுதியிருக்கு. நான் எழுந்து நின்னு இல்லாதத எப்படி முன்மொழியறது?"

"உன் சம்பந்திக்காகப் பாக்குற."

அந்தப் பேச்சு வரும் என்று தெரியும். வந்தபோது வலிக்கத்தான் செய்தது. அன்றைக்கு முழுக்க அதைத்தான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு சபாநாயகராக இருந்தால் இதையே செய்வேனா? ஒரு நேரம் செய்வேன் என்று தோன்றுகிறது. ஒரு நேரம், அப்படி ஒரு காகிதத்தைத் திரும்பப் படித்தே பார்த்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. நீங்கள் கேட்டபடி செய்தேனா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. காகிதத்தில் இருந்தது பொய்யாகிவிட்டது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு கால் வைக்க அந்த இடம் போதும் என்று அவைக்குள் வந்தேன்.

துணை சபாநாயகர் என்னைக் கூப்பிட்டார். எழுந்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுந்து நின்று அந்த அவை அமைதியாக இருந்ததே கிடையாது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. மூன்றாவது வரிசையில் நீங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. இந்தத் தடவை அது எனக்குப் புரிந்தது.

"முன்மொழியவில்லை, துணை சபாநாயகர் அவர்களே" என்றேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலையே. உறுப்பினர் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். யாரைப் பார்த்து, அம்மா. பஸ் ஸ்டாண்டில் நான் கூப்பிட்டால் அடுத்த தெருவில் இருப்பவன் ஓடிவந்து ஏறுவான். நேற்று அந்தக் குரல் எங்கே போனதோ. இரண்டாம் தடவை சொன்னபோதும் அவ்வளவு பெரிதாக வரவில்லை. தீர்மானம் முன்மொழியப்படாததால் கைவிடப்பட்டது என்று அவர் அறிவித்ததும் என் பின்னாலிருந்து ஒருத்தர், "வீட்டுச் சாப்பாடு பேசுது" என்றார். திரும்பவில்லை.

கொறடா பதவி போய்விட்டது. என்னுடைய இடத்தில் இளவட்டம் ஒருத்தரைப் போட்டிருக்கிறார்கள்; கத்தத் தெரியும், நிறுத்தத் தெரியாது. கற்றுக்கொள்வார். எனக்குக் கடைசி வரிசை. விளக்கம் கேட்டுக் கட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. மகன் போனில் ரொம்பக் கவலைப்பட்டான். உங்கள் மகள் வாங்கி, "மாமா, நல்லா தூங்குனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தூங்கினேன் என்றேன். உண்மையாகவே தூங்கினேன்.

சம்பந்தி


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

இப்படிக் கூப்பிட உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. ஆட்சேபம் இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

நீங்கள் மறுபக்கப் படியில் இறங்கியது சரி. நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உங்களோடு பேசாமல் போனதுதான் நல்லது என்று அறைக்குத் திரும்பிவிட்டேன். மேசையில் அந்த நாளின் அஞ்சலும் ஆறிப்போன டீயும் இருந்தன. இரண்டையும் முடித்தேன்.

உறவு இல்லாவிட்டாலும் இதையே செய்திருப்பேனா என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கேள்வி எனக்கும் இருக்கிறது. வாக்குகள் சமமானபோது மரபைச் சொல்லித்தான் 'இல்லை' என்றேன். அந்த மரபு எங்கள் கையேட்டில் இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மரபைப் பின்பற்றுவதில் அவ்வளவு நிம்மதி வருமா என்று தெரியவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் இதோடு வேலை செய்யப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மசோதா சாகவில்லை. சில மாற்றங்களோடு அடுத்த கூட்டத்தொடரில் திரும்ப வரும் என்று அமைச்சர் சொன்னார். இப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வரட்டும். பேச நேரம் அதிகமாக ஒதுக்கும்படி அலுவல் குழுவில் சொல்லப் போகிறேன். என் கட்சியில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த தேர்தலில் எனக்கு இடம் கிடைக்காது என்று தோன்றுகிறது. கிடைக்காவிட்டால் மகள் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கலாம் என்று பார்க்கிறேன். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

நேற்று அவையில் உங்களைத் தேடினேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். பூஜ்ய நேரத்தில் நீங்கள் எழுந்து அந்த மலைப் பாலத்து ரோட்டைப் பற்றி ஏதோ பேசினீர்கள். உதடு அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தையும் மேடைக்கு வரவில்லை. நீங்கள் முடித்துவிட்டதாக நினைத்து அடுத்தவரைக் கூப்பிட்டேன். நீங்களும் சும்மா உட்கார்ந்துவிட்டீர்கள்.

அவை கலைந்த பிறகு நானே அங்கே போய்ப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு மைக்கும் வேலை செய்யவில்லை. போன வருஷமே எழுதிக் கொடுத்தோம், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அங்கே உட்காரும் ஒருவர் சொன்னார். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறேன். சம்பந்தி என்பதற்காக இல்லை. அந்த வரிசையில் இன்னும் எட்டுப் பேர் உட்காருகிறார்கள்.

திங்கட்கிழமை அந்த ரோட்டைப் பற்றி மறுபடி எழுந்து பேசுங்கள்.

அன்புடன்,
தங்கை